பயோகெமிஸ்ட்ரி, ஆறு லட்சம் கடன், பதினெட்டாயிரம் சம்பளம்

ஒவ்வொரு வருடமும் ஜூன் நெருங்கினால் ஊரிலிருந்து யாராவது போன் செய்கிறார்கள். "பொண்ணு பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சுட்டாம்மா, பெங்களூர்ல எம்எஸ்சி சேர்க்கலாம்னு இருக்கோம், லோன் கிடைக்கும்னு காலேஜ்லயே சொல்றாங்க, நீ என்ன சொல்ற?" என்று கேட்கிறார்கள். தெரிந்ததை எல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். போனை வைத்த பிறகுதான் பாதியைச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வரும். அதனால் நடந்ததை முழுதாக, பண விவரத்தோடு எழுதி வைக்கிறேன். 2021இல் நான் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டிலும் ஆள் இல்லை, கல்லூரியிலும் ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. பயோகெமிஸ்ட்ரி, அதாவது உயிர்வேதியியல், எனக்கு மிகவும் பிடித்த பாடம், இன்றும் அப்படித்தான். ஜெல்லில் சாயம் கழுவிக் கழுவி, கடைசியில் நாம் பிரித்தெடுத்த புரதம் ஒற்றை நீலக் கோடாகத் தெரியும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனவே இந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எவ்வளவு கடனோடு படிப்பது என்பதுதான் விஷயம்.

பெங்களூரில் நான் சேர்ந்தது ஒரு தனியார் நிறுவனம். இரண்டு வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு, லேப் கட்டணம் எல்லாம் சேர்த்து 6.3 லட்சம். வங்கி 6 லட்சம் கொடுத்தது. நான்கு லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் வாங்கினால் உள்நாட்டுப் படிப்புக்குச் செலவில் 5 சதவீதம் நாம் போட வேண்டும், அந்த முப்பதாயிரத்தை அப்பா புரட்டினார். அப்போது வட்டி எட்டரை சதவீதம். மேனேஜர் சார் நல்லவிதமாகவே பேசினார். "படிக்கும்போது கட்ட வேண்டாம்மா, முடிச்சு ஒரு வருஷம் கழிச்சுதான் ஈஎம்ஐ" என்றார். அது உண்மைதான். கட்ட வேண்டாம் என்றால் வட்டி ஓடாது என்று நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம். அப்படி இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

வட்டி முதல் தவணை கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஓடுகிறது. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஒரு வருடச் சலுகைக் காலத்திலும் தனிவட்டிதான் போடுவார்கள், வட்டிக்கு வட்டி கிடையாது. ஆனால் சலுகைக் காலம் முடிந்ததும் சேர்ந்த வட்டி மொத்தமும் அசலோடு சேர்ந்துவிடும், அதன் பிறகு அதற்கும் வட்டி. இதோடு இன்னொன்றும் நடந்தது. கல்விக்கடன் வட்டி மாறும் வட்டி. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏற்றியது. என்னுடைய எட்டரை பதினொன்றாக ஆனது. நான் ஆய்வகத்தில் என்சைம் அளந்துகொண்டிருந்த நாட்களில் கடன் தானாக வளர்ந்துகொண்டிருந்தது. 2024 ஆகஸ்ட்டில் ஈஎம்ஐ தொடங்கும்போது பாக்கி சுமார் 7,54,000. பத்து வருடத்துக்கு மாதம் 10,400 ரூபாய் கட்ட வேண்டும் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கட்டி முடிக்கும்போது மொத்தம் பன்னிரண்டரை லட்சத்தைத் தொடும்.

படிக்கும் காலத்தில் வட்டியை மட்டுமாவது மாதா மாதம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டேன். முதல் வருடம் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம், அப்புறம் ஐயாயிரத்துச் சொச்சம். அப்படிக் கட்டியிருந்தால் ஈஎம்ஐ 8,300க்குள் நின்றிருக்கும், மொத்தத்தில் ஒரு லட்சம் மிச்சம். சில வங்கிகள் இப்படி வட்டியைக் கட்டிவருகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் கேளுங்கள். எங்கள் கடையில் முதல் வருடம் இரண்டாயிரத்தை எடுத்து வைத்திருக்க முடியும். தெரிந்திருந்தால் அப்பா வைத்திருப்பார்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். 2023 ஜூலை மாதம் படிப்பு முடிந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிகளில் பாதிக்கு மேல் எங்கள் பாடத்தோடு சம்பந்தமே இல்லாதவை. மெடிக்கல் கோடிங் கம்பெனி ஒன்று வந்தது, ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனி வந்தது, விற்பனைக்கு ஆள் தேடி இரண்டு பேர் வந்தார்கள். கல்லூரி விளம்பரத்தில் போட்டிருந்த 'உயர்ந்தபட்ச சம்பளம்' கம்ப்யூட்டர் துறை மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது. அதனால் சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்டு வருவதோடு நிற்காதீர்கள். அதே துறையில், அதே படிப்பில், இரண்டு வருடம் முன்னால் முடித்த சீனியர்கள் நான்கைந்து பேரைப் பிடியுங்கள். எந்தக் கம்பெனி, கையில் எவ்வளவு வருகிறது, கம்பெனியின் நேரடி ஆளா கான்ட்ராக்டா, படிப்பு முடிந்து எத்தனை மாதம் கழித்து வேலை கிடைத்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வங்கி கொடுக்கும் ஒரு வருட அவகாசம் படிப்பு முடிந்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. வேலை கிடைத்ததா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வராது. எனக்கு அந்த ஒரு வருடத்தின் பெரும்பகுதி வேலை தேடுவதிலேயே போனது.

பெங்களூரில் எங்கள் படிப்புக்கு வேலை இல்லாமல் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி என்று ஓசூர் ரோட்டிலும் அதை ஒட்டியும் மருந்துக் கம்பெனிகளும் பயோடெக் கம்பெனிகளும் இருக்கின்றன. இன்டர்வியூவுக்குக் கூப்பிடவும் செய்தார்கள். ஒன்று மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது. எதிரில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், மரியாதையாகப் பேசினார். என்சைம் கைனெடிக்ஸ் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எச்பிஎல்சியில் பாஸ்பேட் பஃபர் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தது. நேராக அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றுவீர்களா?" என்றார். எச்பிஎல்சி என்பது ஒரு கலவையில் என்னென்ன, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் மெஷின்; அசிட்டோநைட்ரைல் அதில் ஓட்டும் ஒரு கரைப்பான். எனக்குப் பதில் தெரியவில்லை. நேராக மாற்றினால் பஃபரில் இருக்கும் உப்பு உள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும், பிரஷர் எகிறும், பல ஆயிரம் ரூபாய்க் குழாய் வீணாகும். முதலில் தண்ணீர் அதிகம் உள்ள கலவையை ஓட விட்டு உப்பைக் கழுவ வேண்டும், அப்புறம்தான் மற்றது. அந்த மெஷினில் ஒரு வாரம் வேலை பார்த்த எவருக்கும் தெரிகிற விஷயம் இது. எங்கள் கல்லூரியில் எச்பிஎல்சி ஒன்று இருந்தது. கண்ணாடி அறைக்குள் லேப் உதவியாளர் ஓட்டுவார், நாங்கள் வகுப்பு மொத்தமும் வெளியே நின்று பார்த்து, அவர் கொடுத்த கிராஃபை ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவோம். மூன்று லட்சத்துக்கு மேல் கட்டணம் கட்டிய இடம். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார், ஒன்றும் கேட்கவில்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் கேன்டீனையும் பார்க்க வேண்டாம். லேபுக்குப் போய், எச்பிஎல்சியையும் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரையும் மாணவர்கள் தங்கள் கையால் ஓட்டுகிறார்களா, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று அங்கே படிக்கிறவர்களிடம் கேளுங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு லாக்புக் இருக்கும், யார் எப்போது ஓட்டினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். பார்க்கலாமா என்று கேளுங்கள். மாணவர் பெயர்கள் தொடர்ந்து இருந்தால் நல்ல இடம். கடைசி ஆறு மாத ப்ராஜெக்ட்டை வெளியே ஒரு நல்ல ஆய்வகத்திலோ கம்பெனியிலோ செய்ய விடுகிறார்களா என்பதையும் கேளுங்கள். எங்களை விடவில்லை.

வேலை தேடிய மாதங்களில் இன்னொரு அடியும் விழுந்தது. ஃபார்மகோவிஜிலன்ஸ் பயிற்சி, நூறு சதவீத வேலை உதவி என்று ஒரு பயிற்சி நிலையம். கட்டணம் 35,000. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். மூன்று மாதம் இணையத்தில் சும்மா கிடைக்கிற பாடங்களைத் திரையில் காட்டினார்கள். 'வேலை உதவி' என்பது, எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலை விளம்பரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 'உதவி' என்றுதான் இருக்கிறது, 'வேலை' என்று இல்லை என்று காட்டினார்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் அந்தத் துறை நல்ல துறைதான், என் தோழி ஒருத்தி அதில் இருக்கிறாள். அவள் எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டவில்லை, நேராக விண்ணப்பித்தாள், கம்பெனியே பயிற்சி கொடுத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வேலையில் தேவைப்படுவது நல்ல ஆங்கிலமும் நிதானமாகப் படிக்கும் பழக்கமும். வேலைக்காக யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிற இடத்திலும் அப்படியே. ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்த்துக் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.

கடைசியில் 2024 மார்ச்சில் ஒரு மருந்துக் கம்பெனியின் குவாலிட்டி கன்ட்ரோல் லேபில் வேலை கிடைத்தது. வருடத்துக்கு 2.7 லட்சம் என்று கடிதத்தில் இருந்தது. பன்னிரண்டால் வகுத்து மாதம் 22,500 என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கையில் வந்தது 18,000 சொச்சம். கம்பெனி நமக்காகக் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வருடக் கடைசியில் தரும் போனஸ் எல்லாவற்றையும் அந்த 2.7 லட்சத்துக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். மிச்சத்திலிருந்து நம் பங்கு பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிப்பார்கள். யாராவது வருடச் சம்பளம் சொன்னால் கையில் எவ்வளவு என்று திரும்பக் கேளுங்கள். ஈஎம்ஐ கட்டுவது கையில் வருவதிலிருந்துதான்.

எலக்ட்ரானிக் சிட்டியில் பிஜி என்கிற தனியார் விடுதியில் இரண்டு பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு 9,000. பஸ் செலவும் உண்டு. கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு அரசுப் பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். என் ஆதாரில் காவேரிப்பட்டணம். போன், மருந்து மாத்திரை, மாதம் ஒரு முறை ஊருக்கு, அவ்வளவுதான் செலவு. எப்படிப் பார்த்தாலும் ஐயாயிரத்துக்கு மேல் மிஞ்சவில்லை. கட்ட வேண்டியது 10,400. மிச்சத்தை அப்பா கடை கல்லாவிலிருந்து அனுப்பினார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அரிசி மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அவர் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த லேபில் என் பக்கத்து மேசையில் ஒரு பெண். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடித்தவள். ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே வேலை, ஒரே ஷிஃப்ட், ஒரே சம்பளம், ஒரே ஃபார்முலாவில் கழிப்பு. அவளுக்குக் கடன் இல்லை. முதல் மாதச் சம்பளத்தில் அவள் தம்பிக்குச் சைக்கிள் வாங்கினாள். எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை, இன்றைக்கும் நெருங்கிய தோழி. ஆனால் அந்த மேசையில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் துறையில் ஆரம்பச் சம்பளத்தை முடிவு செய்வது எந்த வேலை, கையில் என்ன அனுபவம் என்பவைதான். எம்எஸ்சிக்கு எவ்வளவு கட்டினோம் என்று எந்த எச்ஆரும் கேட்பதில்லை. ஐஐடி, ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் நிறுவனம்) மாதிரி பெயரைக் கேட்டதும் கதவு திறக்கிற சில இடங்களை விட்டுவிடுங்கள். மற்றபடி தனியார் கல்லூரியின் ஆறு லட்சமும் அரசுப் பல்கலைக்கழகத்தின் குறைந்த கட்டணமும் வந்து சேரும் மேசை ஒன்றுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு, ஈஎம்ஐ தொடங்கும்போது இருக்கும் பாக்கியில் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் ஏறக்குறைய 1,380 ரூபாய். வாங்கும் கடனோடு படிக்கும் காலத்து வட்டியையும் சேர்த்துக்கொண்டு இதால் பெருக்குங்கள். பிறகு சீனியர்கள் சொன்ன கைச்சம்பளத்தில் பெங்களூர் வாடகை, சாப்பாடு, போக்குவரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதில் பாதிக்கு மேல் ஈஎம்ஐக்குப் போகிறதென்றால் அந்தக் கடன் உங்களுக்குப் பெரிது. ஏன் பாதி என்றால், உடம்பு சரியில்லாமல் போகும், வேலை போகும், வீட்டில் ஒரு செலவு வரும். எனக்கு வேலை போனது.

நான் இருந்தது கம்பெனியின் நேரடி வேலை இல்லை, வேறொரு ஏஜென்சி மூலம் பதினோரு மாத ஒப்பந்தம். 2025 பிப்ரவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆடிட் முடிந்தது, ஆள் குறைக்கிறோம் என்றார்கள். கையிருப்பு தீர்ந்தது. ஈஎம்ஐ தவறியது, அடுத்ததும் தவறியது. வங்கியிலிருந்து வந்த போனை எடுக்கவே பயமாக இருந்தது. அப்போதுதான் மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி, போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். என் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். "கண்ணு, டிராக்டர் லோனுக்குப் போனேன், சிபில்ல ஏதோ பாக்கி காட்டுதுன்னு நிறுத்தி வச்சுட்டாங்க. நான் எங்கயும் கடன் வாங்கலையே?" என்றார். அவருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். அது என்னுடைய கடன் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "சரி விடு, சாப்டியா?" என்று கேட்டார். படிப்பு, வேலை, பணம் எல்லாவற்றிலும் எனக்கு வந்த கஷ்டத்தைவிட அந்த ஒரு போன் என்னை அதிகம் உலுக்கியது.

கூட்டாகக் கடன் வாங்கிய அப்பா, ஜாமீன் போட்டவர் என்று எல்லோருடைய கடன் அறிக்கையிலும் இந்தக் கடன் ஏறும். தவணை தவறினால் அவர்களுடைய சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும், அதன் பிறகு சரிசெய்வது மிகவும் கடினம். இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், கல்விக்கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டம் ஒன்று 2015லிருந்து இருக்கிறது. ஏழரை லட்சம் வரை அந்தத் திட்டத்தின் கீழ் வரும் கடனுக்குச் சொத்துப் பிணையோ மூன்றாம் ஆள் ஜாமீனோ வாங்கக் கூடாது, பெற்றோர் கூட்டுக் கடன்தாரராக இருந்தால் போதும். என் கடன் 6 லட்சம். ஆனாலும் "வெளி ஆள் ஒருத்தர் கையெழுத்து வேணும்" என்று அந்தக் கிளையில் கேட்டார்கள், மாமா வந்து போட்டார். உங்களிடமும் கேட்டால், இந்தக் கடன் உத்தரவாத நிதித் திட்டத்தில் வருமா, வராதென்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறும்.

மாமா பேசிய மறுநாளே ஊருக்குப் போய்க் கிளையில் உட்கார்ந்தேன். மேனேஜர் மாறியிருந்தார். வேலை போன கடிதம், பிஎஃப் விவரம், கையிலிருந்த இன்டர்வியூ அழைப்பு எல்லாவற்றையும் வைத்து ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அப்பா ஒரு சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துப் பாக்கியைக் கட்டினார். தொண்ணூறு நாள் ஆகவில்லை என்பதால் காலத்தைப் பதினைந்து வருடமாக நீட்டித் தந்தார்கள். இதுவும் சும்மா கிடைப்பதில்லை. முதல் நாளிலேயே பதினைந்து வருடம் போட்டிருந்தால் ஈஎம்ஐ 8,570 ஆகியிருக்கும், மொத்தம் கட்டுவது பதினைந்தரை லட்சத்தை நெருங்கும். ஆனாலும் மூச்சு விட இடம் கிடைத்தது. தவணை கட்ட முடியாது என்று தெரிந்த மாதமே வங்கிக்குப் போங்கள், தவறிய பிறகு போனால் நம் பேச்சுக்கு மதிப்புக் குறைவு. வசூலுக்கு ஆள் வைத்துப் பேசினால், காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கு இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். விதியைச் சொன்னேன், அதற்குப் பிறகு அந்த நேரத்தில் வரவில்லை.

இதே பாடத்தைக் கடனில்லாமல், ஏன் சம்பளத்தோடே படிக்கிற வழிகள் எங்கள் ஊர்ப் பக்கம் பலருக்குத் தெரியாது. பெங்களூரில் நான் பஸ்ஸில் கடந்துபோகும் ஐஐஎஸ்சியில் பயோகெமிஸ்ட்ரி துறை 1921லிருந்து இருக்கிறது. அங்கே பிஎஸ்சி முடித்தவர்கள் எம்எஸ்சியும் பிஎச்டியும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்டியில் சேரலாம், உதவித்தொகை தருகிறார்கள். ஹெப்பால் பக்கம் இருக்கும் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்திலும் அப்படி ஒரு படிப்பு உண்டு, அதற்கு டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) தேர்வு. ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்எஸ்சி. கேட்-பி (GAT-B) என்ற தேர்வு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு நடக்கும் எம்எஸ்சி படிப்புகளுக்கானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே அப்படி ஒன்று உண்டு, மாணவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பிஜி (CUET-PG) தேர்வு. ஆனால் ஜாம் பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் அக்டோபரில். ஜூனில் எனக்குப் போன் செய்கிறவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஏனென்றால் நேரம் போய்விட்டது. பிஎஸ்சி கடைசி வருடம் தொடங்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் நின்று தயாராகி எழுதினால்கூட, ஆறு லட்சம் கடனைவிட அந்த ஒரு வருடம் மலிவு.

எம்எஸ்சி முடித்தவர்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000, விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படியும் உண்டு. என் முதல் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. பணம் சில மாதம் தாமதமாக வரும் என்று அதிலிருக்கும் தோழர்கள் சொல்கிறார்கள், அதனால் கடன் உள்ளவர்கள் இரண்டு மூன்று ஈஎம்ஐக்கான தொகையைத் தனியாக வைத்துக்கொண்டு சேர வேண்டும்.

கடன் வாங்கியே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் வட்டி மானியத்தைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் படிக்கும் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. உங்கள் எம்எஸ்சி அதில் வருமா என்று கிளையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி என்ற கல்விக்கடன் திட்டம் வந்தது. பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் படிக்கும் காலத்துக்கும் சலுகைக் காலத்துக்கும் 3 சதவீத வட்டி மானியம். நிறுவனம் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன் பாருங்கள். வருமான வரியில் கல்விக்கடன் வட்டியைக் கழிக்கலாம் என்று ஏஜென்ட்டுகள் பெரிய லாபம் போலப் பேசுவார்கள். அது பழைய வரி முறையில் மட்டும்தான், அதுவும் எட்டு வருடத்துக்கு. பதினெட்டாயிரம் சம்பளத்தில் கட்ட வேண்டிய வரியே கிடையாது, கழிப்பதற்கு என்ன இருக்கிறது?

2025 மே மாதம் பொம்மசந்திராவில் நேரடி வேலை கிடைத்தது, கையில் 27,000. இந்த முறை எச்பிஎல்சி கேள்விகளுக்கு நிறுத்தாமல் பதில் சொன்னேன். முதல் வேலையில் கற்றுக்கொண்டது அத்தனையும் அந்த மெஷின்தான். பிஜியை விட்டு ஓசூரில் தோழியோடு வீடு எடுத்தேன், என் பங்கு வாடகை 3,500, எல்லை தாண்டித் தினமும் பஸ். மாமாவுக்கு டிராக்டர் கடன் சில மாதம் தள்ளிக் கிடைத்தது.

அந்த வருடம் ரெப்போ விகிதம் குறைந்தது. குறைந்த வட்டி நம் கணக்கில் ஏறியதா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். வட்டி ஏறும்போது ஈஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வட்டி குறைந்தபோது நான் ஈஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். போனஸ் வந்த மாதம் அசலில் தனியாகக் கொஞ்சம் கட்டினேன். அப்படி முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் எதுவும் பிடிக்கவில்லை. கட்டும்போது 'அசலுக்கு' என்று சலானில் எழுதி, புதிய தவணை அட்டவணையை அச்சடித்து வாங்கி வந்துவிடுங்கள்.